முதுகுக்காத்து

பதிமூன்றாவது வில்லையும் காலை வாரிவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தபோது பொன் மாதிரி மினுமினுத்தது. தருமன் அதை மேஜையில் வைத்தான். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினான். ரெண்டாகப் பிளந்தது. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் பொன்னிறம். உள்ளே அதே சாம்பல் நிறப் பொடி, போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தது.

"ச்சீ, போ!" என்று அதைத் தூக்கி மூலையில் எறிந்தான். எறிந்த கையோடு போய்ப் பொறுக்கியும் வந்தான். டைட்டானியம் பொடி என்ன தவிடா, வீசி எறிய?

ஆரணியில் அப்போது இருந்த ஒரு பாலிடெக்னிக்கின் பின்கட்டில், பழைய சைக்கிள் ஷெட்டை மறித்துக் கட்டிய ஆராய்ச்சி அறை அது. வருஷம் எண்பத்து நாலு. வேலை என்னவென்றால், டைட்டானியம் என்கிற உலோகப் பொடியை அச்சில் போட்டு அமுக்கி, உள்ளங்கை அகல வில்லையாக்க வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குள் அதை நிறுத்தி, நைட்ரஜன் வாயுவை விட்டு, வில்லையின் உச்சந்தலையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு பொறி வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குமேல் உலை வேண்டாம், கரண்டு வேண்டாம். பொறி தானாகவே கீழே இறங்கும். இறங்குகிற வழியெல்லாம் பொடி வாயுவைக் குடித்துப் பொன்னிறக் கல்லாக மாறிவிடும். இரும்பையே சீவுகிற அளவுக்குக் கெட்டியான கல். இதெல்லாம் புத்தகத்தில். தருமன் கையில் அது ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு அணைந்துபோனது.

"பன்னெண்டாம் தேதி மெட்ராஸ்லேருந்து ஆபீசர் வர்றார், தருமன்" என்று துறைத் தலைவர் கந்தசாமி நேற்றே சொல்லிவிட்டார். "நடு வரைக்கும் பொன்னாகியிருந்தா உங்க வேலை பர்மனெண்ட். இல்லேன்னா ஷெட்டுல திரும்பவும் சைக்கிள்தான் நிக்கும்." கெட்ட மனுஷர் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறவர், அவ்வளவுதான்.

தருமனுக்குத் தெரிந்த ஒரே வழி இன்னும் இறுக்கி அமுக்குவது. பிரஸ்ஸின் கைப்பிடியில் தொங்கி, பல்லைக் கடித்து அமுக்கினான். எவ்வளவு இறுக்கினானோ அவ்வளவுக்கு நெருப்பு சீக்கிரம் செத்தது.

தருமனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், பின்னால் கதை அதில்தான் நிற்கப் போகிறது. சேவூரில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து எம்.எஸ்ஸி. வரைக்கும் வந்தவன் அவன். அதை மார் தட்டிச் சொல்லியிருக்கலாம். அவனோ மூச்சு விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கந்தசாமி, "மாமனார் வீட்டுல என்ன பண்றாங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். "களம்பூர்ல ரைஸ் மில்லு சார்" என்றான். ரைஸ் மில்லுல என்று சொல்லியிருக்க வேண்டும். கடைசி எழுத்தை மட்டும் விழுங்கிவிட்டான். அந்த ஒரு 'ல' போனதில் அவன் மச்சான் துரைக்கண்ணு மில் முதலாளி ஆகிவிட்டான். உண்மையில் துரைக்கண்ணு அந்த மில்லில் நெல் அவிக்கிற பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். பொய் சொல்லவில்லையே, ஒரு எழுத்துதானே என்று தருமன் தன்னையே தேற்றிக்கொண்டான். ஆனாலும் கந்தசாமி ஒவ்வொரு தடவையும் "உங்க மச்சான் மில்லு எப்படிப் போகுது?" என்று விசாரிக்கும்போது அவனுக்குக் காது மடல் சுட்டது.

அந்த நேரம் பார்த்து வீட்டில் காதுகுத்து வந்தது. மகள் லீலாவுக்கு மூணு வயசு. காது குத்தினால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கு மாப்பிள்ளையே வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்க வேண்டும்.

"நீயே போயி கூப்ட்டாத்தான் மரியாதை. எங்க அண்ணன் ஒருத்தன்தான் எனக்கு" என்றாள் மனைவி அம்மணி.

வேண்டா வெறுப்பாக தருமன் களம்பூர் பஸ் ஏறினான்.

மில்லின் பின்பக்கம் பாய்லர் கொட்டகை. தலையிலிருந்து கால் வரைக்கும் கரி அப்பிய உடம்போடு துரைக்கண்ணு குந்திக்கொண்டிருந்தான். தருமனைவிட நாலு வயசுதான் பெரியவன். சிரித்தால் பல் மட்டும் தெரியும்.

"அடடே, மாப்ளே! இன்னா மூஞ்சி இப்டித் தொங்கிகினு கீது? என் தங்கச்சி சோறு போடலியா?"

வெற்றிலைத் தட்டை அவன் லுங்கியில் கையைத் துடைத்துத் துடைத்து வாங்கினான். "மடி என்னுதுதான். வேற எவன் உக்காந்தாலும் ஒதைப்பேன்" என்றான். பிறகு, "இரு, டீ போடறேன்" என்று ஒரு மண்ணெண்ணெய் டின்னை இழுத்தான். டின்னில் உமியைக் கொட்டினான். தருமன் வழக்கம்போல் கையை வைத்து அழுத்தப் போனான்.

"அய்ய, வுடு வுடு! அமுக்குனா அதுக்கு மூச்சு முட்டிக்கும்." உமியைப் பொலபொலவென்று விட்டு, டின்னின் அடியில் நெருப்பு வைத்தான். மேலே ஒரு சட்டியில் தண்ணீர். நெருப்பு மெல்ல மேலே ஏற ஆரம்பித்ததும், ஒரு ரப்பர் குழாயை எடுத்து டின்னின் அடி ஓட்டையில் சொருகி, சைக்கிள் பம்பால் காற்று அடித்தான்.

தருமனுக்குச் சிரிப்பு வந்தது. "எரியாத உமி மேல கீது. நீ எரிஞ்சி முடிஞ்ச சாம்பல்ல போயி காத்து அடிக்கறியே மச்சான்?"

"அங்கதான் மாப்ளே விசயமே கீது." துரைக்கண்ணு பம்பை நிறுத்தவில்லை. "சாம்பல்னு பாக்காத. அது உள்ள கொதிச்சிகினு கீது. அதுக்குள்ள பூந்து வர்ற காத்து சூடாயி வரும். அந்தச் சூட்டைத் தூக்கிகினு போயி முன்னால கீற உமிக்கு ஊட்டும். எதிர்ல நின்னுகினு ஊதுனா இன்னா ஆவும்? வர்ற நெருப்பு மூஞ்சில பச்சத் தண்ணி ஊத்துன மாதிரி. நெருப்புக்கு எப்பவும் முதுகுக்காத்து குடுக்கணும். முதுகுல தட்டிக் குடுத்தா அது பாட்டுக்கு ஓடிகினே இருக்கும்."

தண்ணீர் கொதித்தது. டின்னைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு உமிகூடப் பச்சையாக இல்லை.

தருமன் டீயை வாயில் வைத்தபடியே உறைந்துபோனான். அவனுடைய குழாயில் பொறி மேலே, வாயு கீழே. பதிமூன்று தடவையும் ஓடி வருகிற நெருப்பின் முகத்தில் குளிர்ந்த வாயுவை அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். போதாததற்கு வில்லையைக் கல்லு மாதிரி அமுக்கி, வாயு உள்ளே நுழைய ஒரு ஊசித்துளைகூட விடாமல் செய்திருக்கிறான். எம்.எஸ்ஸி. படித்த மண்டை!

"இன்னா மாப்ளே, டீல ஈ கீதா?"

"ஒண்ணுமில்ல மச்சான்" என்றான் தருமன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், உன் பேச்சில் என் வேலை பிழைத்தது என்று. சொல்லவில்லை. ஜல்தியாக பஸ் பிடித்தான்.

பதினாலாவது வில்லையை மெல்ல அமுக்கினான். கையில் எடுத்தால் உதிராத அளவுக்கு மட்டும். வில்லைக்கும் குழாய்க்கும் நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றி அடைத்தான், வாயு பக்கவாட்டில் நழுவாமல் வில்லைக்குள்ளேயே புகுந்து போகட்டும் என்று. நைட்ரஜன் குழாயைக் கீழேயிருந்து கழற்றி மேலே மாட்டினான். பொறி வைத்தான். வெளிச்சம் ஒரு வளையமாகச் சீராக இறங்கியது. நடுவில் நிற்கவில்லை, தயங்கவில்லை, அடி வரைக்கும் போய்த்தான் அணைந்தது. ஆறியதும் உடைத்தான். உள்ளேயும் பொன். நட்ட நடுவிலும் பொன்.

கந்தசாமி குழந்தை மாதிரி கையைத் தட்டினார். "எப்படிய்யா தோணிச்சு உங்களுக்கு?"

"யோசிச்சிகினே... யோசிச்சுக்கிட்டே இருந்தேன் சார். தோணிச்சு."

வீட்டில் அம்மணியிடம் மட்டும், "உங்க அண்ணன் டின் அடுப்பைப் பாத்துத்தான் செஞ்சேன், தங்கம் மாதிரி வந்துச்சி" என்று ஒப்புக்கொண்டான். வீட்டுக்குள் சொன்னால் செலவில்லை பாருங்கள். அவள் அதை அப்படியே அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி. அறை முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். மெட்ராஸ் அதிகாரி பரசுராமன், சஃபாரி சூட், நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கந்தசாமி. தருமன் வில்லையைக் குழாயில் இறக்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது.

துரைக்கண்ணு.

மில்லில் ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்திருக்கிறான். வேட்டியைத்தான் மாற்றியிருந்தான். கழுத்திலும் காது மடிப்பிலும் கரி போகவில்லை. கையில் தங்கச்சிக்கு ஒரு பை புழுங்கலரிசி. தன் பேச்சால் தங்கமான கல்லைப் பார்க்க வந்திருக்கிறான். முகமெல்லாம் பல். வாயைத் திறந்து 'மாப்ளே' என்று சொல்ல உதடு குவிந்துவிட்டது.

"யாருப்பா அது?" என்றார் பரசுராமன்.

தருமன் பதில் சொல்ல அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் பின்னாளில் அவனைக் குடைந்தது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு சமாதானம் இருந்திருக்கும். பழகின பதில் மாதிரி வந்து விழுந்தது.

"ரூம் சுத்தம் பண்ண வந்த ஆளு சார்."

துரைக்கண்ணுவின் குவிந்த உதடு அப்படியே ஒரு கணம் நின்றது. பிறகு மூடிக்கொண்டது. அவன் தருமனைப் பார்த்தான், நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்தான். புரிந்துகொண்டான். "ஆமாங்க ஐயா" என்றான். அரிசிப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக் கழுவி விட்ட தரையைப் பெருக்க ஆரம்பித்தான்.

தருமன் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பொறி வைத்தான். வெளிச்ச வளையம் இறங்கியது.

"பொறியும் மேலேருந்து, கேஸும் மேலேருந்து. எரிஞ்சு முடிஞ்ச பக்கத்துல கேஸ் கொடுத்து என்ன பிரயோஜனம்?" என்று பரசுராமன் கேட்டார்.

தருமன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். சூடான பாகத்தின் நுண்துளைகள் வழியாக வாயு, முன்னால் இருக்கும் பாகத்துக்கு வெப்பம் என்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் துடைப்பம் சர், சர் என்று இழுத்தது. அந்தச் சத்தத்தில் இங்கிலீஷ் தடுக்கி விழுந்தது. "அதாவது சார்... முதுகுக்காத்து சார்" என்று வந்துவிட்டது வாயில்.

"அட! என்ன சொன்னீங்க?" கந்தசாமிக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. "முதுகுக்காத்தா? பிரமாதமா இருக்கே. எங்க புடிச்சீங்க இந்த வார்த்தையை?"

"நானே வெச்ச பேரு சார்."

துடைப்பம் நின்றது. எண்ணிப் பார்த்தால் மூணு எண்ணுகிற நேரம் இருக்கும். பிறகு திரும்பவும் சர், சர்.

வில்லையை உடைத்தார்கள். அடி வரைக்கும் பொன். பரசுராமன் கைகொடுத்தார். எல்லோரும் சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. ஆளும் இல்லை, அரிசிப் பையும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அரிசிப் பை அடுப்பங்கரையில் இருந்தது.

"அண்ணன் வந்துட்டுப் போச்சி" என்றாள் அம்மணி, வாய் நிறைய. "கல்லு தங்கமாட்டம் கீதாமே! பெரிய பெரிய ஆளுங்கல்லாம் கைகுடுத்தாங்களாமே! உன் ஊட்டுக்காரன் சாமானியப்பட்ட ஆளு இல்லடின்னு சொல்லிச்சி."

"வேற என்ன சொன்னான்?"

"வேற இன்னா சொல்லும்? நீ பிசியா இருந்தியாம், நின்னு பாத்துட்டு வந்துட்டேன்னுச்சி."

அன்றைக்கு அந்த அரிசியில்தான் சோறு. தருமனுக்கு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றான். அவமானம் என்பது அடுத்தவன் முன்னால் படுவது என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தான். யாருக்குமே தெரியாமல், தன் வீட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து படுகிற அவமானம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பின் ரெண்டு தடவை களம்பூர் பஸ் ஏறினான், மச்சான் காலைப் பிடித்துவிடலாம் என்று. ரெண்டு தடவையும் பாதி வழியில் இறங்கி நடந்தே திரும்பினான்.

இது போதாதென்று கந்தசாமி, "பொண்ணுக்குக் காதுகுத்தாமே? அட்டெண்டர் சொல்றான். என்னைக் கூப்பிட மாட்டீங்களா? மில்லு மச்சானையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். வாருங்கள் என்று சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? சொன்னான். சொல்லிவிட்டு, அவருக்குக் காய்ச்சல் வரட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். அப்படியும் ஒரு வேண்டுதல்!

ஞாயிற்றுக்கிழமை காலை. சேவூர் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல். மச்சான் வராமல் போனால் அம்மணி முகத்தில் எப்படி முழிப்பது, வந்துவிட்டால் கந்தசாமி முகத்தில் எப்படி முழிப்பது என்று தருமன் வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்து காலைத் தேய்த்தான். துரைக்கண்ணு வந்தான். தலையில் சீர்த்தட்டு, புதுப் பாவாடை, பழம், தேங்காய், தங்கக் கம்பித் தோடு. கழுத்து காதெல்லாம் தேய்த்துக் குளித்திருந்தான். சிவந்துபோகிற அளவுக்குத் தேய்த்திருந்தான்.

எல்லோரையும் விசாரித்துவிட்டு தருமனிடம் வந்தான். "இன்னா சார், சௌக்கியமா?" என்றான்.

பந்தலே சிரித்தது. "பாரு, மச்சான் கிண்டலை! மாப்ள இப்ப சார் ஆயிட்டாரு" என்று ஒரு பெரியம்மா கன்னத்தில் கைவைத்தாள். துரைக்கண்ணுவும் கூடச் சிரித்தான். தருமன் மட்டும் வேட்டி நுனியைச் சரிசெய்தான்.

பத்தர் ஊசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துரைக்கண்ணு பலகையில் உட்கார்ந்து லீலாவை மடியில் ஏற்றிக்கொண்டான். அவள் அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். சரியாக அந்த நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கந்தசாமிக்குக் காய்ச்சல் வரவில்லை.

அவர் பந்தலுக்குள் குனிந்து வந்ததைப் பார்த்ததுமே துரைக்கண்ணு விருட்டென்று எழுந்தான். குழந்தையை அம்மணி கையில் திணித்தான். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சார், ஐயாவுக்கு நாற்காலி எங்க போடறது?" என்று தருமனிடம் கேட்டான்.

கிண்டலே இல்லை அந்தக் குரலில். கோபமும் இல்லை. அன்றைக்குச் சொன்ன பொய்யை இன்றைக்கும் அவனே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், மாப்பிள்ளை தலை குனியக் கூடாதென்று. தருமனுக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"எங்கண்ணா எழுந்துக்கற?" என்றாள் அம்மணி, ஒன்றும் புரியாமல்.

"நேரமாவுதும்மா. தாய்மாமன் எங்க? உக்காரச் சொல்லுங்க" என்றார் பத்தர்.

கந்தசாமி நாற்காலியில் அமர்ந்து சுற்றிலும் பார்த்தார். "கூப்பிடுங்க தருமன், உங்க மச்சானை."

துரைக்கண்ணு அசையவில்லை. தருமனையே பார்த்தான். உத்தரவுக்குக் காத்திருக்கிற பார்வை.

"உக்காரு... மச்சான்" என்றான் தருமன்.

கந்தசாமி திரும்பிப் பார்த்தார். பெருக்கின ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. யாரோ கொடுத்த கலர் சோடா பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டார். பத்தர் குத்தினார். லீலா வீறிட்டாள். துரைக்கண்ணு அவளைத் தோளில் சாய்த்து, காது மடலை மெல்ல மடக்கி, பின்பக்கமாகக் குனிந்து ஊதினான்.

"அவ்ளோதான் தாயி, அவ்ளோதான். முன்னால ஊதுனாத்தான் எரியும். மாமன் முதுகுக்காத்து குடுக்கறேன், பாரு."

கந்தசாமியின் கலர் பாட்டில் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "என்னப்பா சொன்னே? என்ன காத்து?"

துரைக்கண்ணு நிமிர்ந்தான். சொல்லிவிட்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "அது... சாரு வெச்ச பேருங்க ஐயா" என்றான் அவசரமாக. "அன்னிக்கி ரூம் பெருக்கிகினு இருக்கச் சொல்ல காதுல வுழுந்துச்சி."

"நீ எங்கண்ணா பெருக்குன?" என்றாள் அம்மணி. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "யாரு ரூமை?"

"இல்ல சார்" என்றான் தருமன்.

லீலா அழுத அழுகையில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"என்ன தருமன்? கேக்கல" என்றார் கந்தசாமி.

இப்போது பந்தலில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். ஒரு தடவை சொல்ல அவனுக்கு இத்தனை நாள் ஆகியிருந்தது. அதையே ரெண்டாந்தடவை, உரக்கச் சொல்ல வேண்டும்.

"நான் வெச்ச பேரு இல்ல சார். இவருதுதான். காத்தும் இவரு சொல்லிக் குடுத்ததுதான். இவரு என் மச்சான். களம்பூர்ல ரைஸ் மில்லுல வேலை. மில்லுல சார், மில்லு இல்ல. உமி தள்றாரு." மூச்சு வாங்கியது. "நான்தான் இவரைப் பெருக்க வெச்சேன்."

அம்மணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கந்தசாமி பாட்டிலைக் கீழே வைத்தார். தருமன் மச்சானைப் பார்த்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'மாப்ளே' வந்தால் போதும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

துரைக்கண்ணு குழந்தையின் குத்தின காதைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தான்.

"சரிங்க சார், வுடுங்க" என்றான், நிமிராமலே. "இன்னொரு காது குத்தணும். கொழந்தை பயந்துக்கும்."